கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் கலைப்பொருளின் பொருளும்

கொழும்பு நூதனசாலையின் கதவுகள் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்டது 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியாகும். தேசாதிபதி வில்லியம் கிறகரியின் முயற்சியால் உருவான அந்த வெண்ணிற மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். அதே ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி, அதே கொழும்பு நகரிலே, தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. கீழைத்தேயத்தின் கலைப்பொருட்களை உலக நூதனசாலைகள் எவ்வாறு காட்டுகின்றன, எவ்வாறு விளக்குகின்றன என்பதைப் பின்னாளில் மாற்றியமைத்த பெருமை அக்குழந்தைக்கே உரியதாயிற்று. எம்மவரால் கலாயோகி என அழைக்கப்படும் ஆனந்த குமாரசுவாமியே அவர்.

ஒரு சிலையின் பொருள் அச்சிலையினுள் மட்டுமே இருக்கின்றது என்று நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கின்றோம். உண்மை அதுவன்று. அது எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது, அதன் அருகே வேறு என்ன வைக்கப்பட்டிருக்கின்றது, அதன் கீழே என்ன எழுதப்பட்டிருக்கின்றது, அதனைப் பற்றி எந்த நூல் என்ன சொல்லியிருக்கின்றது என்பவையெல்லாம் சேர்ந்தே நாம் அதனிடத்தே காண்பதைத் தீர்மானிக்கின்றன. கண்காட்சியை அமைப்பவரும் நூலை எழுதுபவரும் சிற்பியின் உளி ஓய்ந்த பின்னரும் சிலையைச் செதுக்கிக்கொண்டே இருக்கின்றனர். இந்த உண்மையை ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வைப் போலத் தெளிவாகக் காட்டும் வாழ்வு பிறிதொன்று இல்லையெனலாம்.

எமது மாணவப் பருவத்தில் நூதனசாலையொன்றிலே கண்ட காட்சி இன்னும் எம் நினைவில் நிற்கின்றது. கண்ணாடிப் பேழையினுள்ளே இருந்த நடராசர் சிலையின் முன்னால் ஒரு மூதாட்டி பாதணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். கையில் குறிப்பேட்டுடன் சென்ற எமக்கோ அது சோழர்கால வெண்கலம். அதன் உயரத்தையும் காலத்தையும் குறித்துக்கொண்டிருந்தோம். ஒரே பொருளின் முன்னால் நின்ற எமக்கிடையே பெரியதோர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கே குமாரசுவாமி தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதனைப் பின்னரே உணர்ந்தோம்.

தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவர். பாளி மொழியிலிருந்து பௌத்த நூல்களையும் ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்களாவர். 1879ஆம் ஆண்டு தந்தையார் காலமானபோது ஆனந்தருக்கு இரண்டு வயது கூட நிரம்பியிருக்கவில்லை. தாயார் எலிசபெத்தின் பராமரிப்பில் இங்கிலாந்திலே வளர்ந்த அவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியற் பாறைகளையும் தாவரங்களையும் பற்றிய விஞ்ஞானங்களைக் கற்றுத் தேறினார். 1903ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக நியமனம் பெற்றுத் தாம் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். தோரியனைற் என்னும் கதிரியக்கக் கனிமத்தை 1904இல் கண்டெடுத்தவரும் அவரே.

கற்களைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களினூடே நடந்த விஞ்ஞானியின் கண்களில் வேறொன்று பட்டது. விகாரைகளின் பழைய சுவரோவியங்கள் மலிவான வர்ணப் பூச்சுக்களால் மறைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பித்தளை வேலை செய்தவர்களும் தந்தம் செதுக்கியவர்களும் நெசவாளரும் ஐரோப்பிய ஆலைப் பொருட்களின் வருகையால் தொழிலிழந்து நின்றனர். அவர்கள் ஆக்கியவற்றை ஆட்சியாளரும் மதிக்கவில்லை. ஆங்கிலம் கற்ற சுதேசிகளும் மதிக்கவில்லை. 1905ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதிய குமாரசுவாமி, தமது பரம்பரைச் சொத்தைக் காக்கும் கடமையை அவர்களுக்கு நினைவூட்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவானதும் அதன் தலைமையை அவர் ஏற்றதும் இக்காலத்திலேயாகும்.

அவருடைய முதலாவது பெருநூலான மத்தியகாலச் சிங்களக் கலை 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. கண்டி இராச்சியத்தின் கைவினை மரபை அது விரிவாக ஆராய்ந்தது. தமிழரொருவர் சிங்களக் கலைக்கு எழுதிய இந்நூலுக்கு நிகரான ஒன்று அதற்கு முன்னர் இருந்ததில்லை. நூல் அச்சிடப்பட்ட முறையும் கவனத்திற்குரியது. கைவினையின் மேன்மையைப் பேசும் நூல் இயந்திர வேகத்தில் உருவாகலாகாது என்று கருதிய அவர், ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். பதினைந்து மாதங்கள் நீடித்த அப்பணியின் முடிவில் வெளிவந்தவை 425 பிரதிகள் மாத்திரமே. அதிலுள்ள புகைப்படங்களில் பெரும்பாலானவை அவருடைய அக்கால மனைவி எத்தல் எடுத்தவையாகும். வீட்டு மூலையில் கிடந்த வெற்றிலைப் பையும் பாக்குவெட்டியும் விளக்கும் அந்நூலின் பக்கங்களில் ஏறியதன் பின்னர் ஒரு நாகரிகத்தின் சான்றுகளாயின. பொருட்கள் மாறவில்லை. அவற்றை நோக்கிய பார்வையே மாறியது.

இதே காலப்பகுதியில் லண்டனில் நிலவிய சூழலை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1851ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சி முதற்கொண்டு இந்தியாவின் துணிகளும் நகைகளும் பாத்திரங்களும் பிரித்தானியரால் வியந்து பாராட்டப்பட்டு வந்தன. அவை தென் கென்சிங்டன் நூதனசாலையிலும் இடம்பெற்றன. எனினும் அவை யாவும் தொழிற்கலை என்ற பெயரின் கீழேயே அடுக்கப்பட்டன. நுண்கலை என்ற உயர்பீடம் கிரேக்கத்திற்கும் இத்தாலிக்கும் உரியதாகவே கருதப்பட்டது. எந்த மண்டபத்தில் எப்பொருளை வைப்பது என்ற தீர்மானமே ஒரு நாகரிகத்தின் மீதான தீர்ப்பாக அமைந்தது. இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880இல் நூலெழுதிப் புகழ்பெற்ற சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட், 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் நிகழ்ந்த கூட்டமொன்றிலே, இந்தியாவில் நுண்கலை என்பதே கிடையாது என்று கூறியதோடு, ஜாவாவின் புத்தர் சிலையொன்றைச் சமையலறைப் பண்டத்துக்கு ஒப்பிட்டும் பரிகசித்தார். இதற்கெதிராகப் பதின்மூன்று ஓவியர்களும் கலை அறிஞர்களும் கையொப்பமிட்ட கடிதம் டைம்ஸ் பத்திரிகையில் வெளியாயிற்று. அதே ஆண்டில் இந்தியச் சங்கம் என்ற அமைப்பும் தோற்றம் பெற்றது. ஹவெல், ரொதென்ஸ்ரைன் ஆகியோரோடு அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் குமாரசுவாமி. 1910 - 1911இல் அலகாபாத்தில் நடைபெற்ற கண்காட்சியின் கலைப்பிரிவை ஒழுங்குசெய்யும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவருடைய எழுத்துக்களுள் மிகவும் பரந்த செல்வாக்கைப் பெற்றது சிவனின் நடனம் பற்றிய கட்டுரையாகும். 1912ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்ற சஞ்சிகையில் வெளிவந்த இக்கட்டுரை, 1918இல் அதே தலைப்பைத் தாங்கிய கட்டுரைத் தொகுதியின் வழியே உலகெங்கும் சென்றது. சிதம்பரத்துத் திருநடனத்தின் உட்பொருளைத் திருமந்திரம், உண்மை விளக்கம் முதலான தமிழ்ச் சைவ நூல்களின் துணைகொண்டு அவர் விளக்கினார். உடுக்கை படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பனவாகும் என்ற விளக்கம் சைவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் மேலைத்தேயத்திற்கு அது ஒரு புதிய கண்ணையே வழங்கியது. அதற்கு முன்னர் பல கைகளைக் கொண்ட விந்தையான உருவமாகத் தோன்றிய ஒன்று, பிரபஞ்ச இயக்கத்தின் குறியீடாக அறிஞர்களால் போற்றப்படலாயிற்று. சென்னை நூதனசாலையின் நடராசர் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரொடான் எழுதிய புகழுரை 1921இல் வெளிவந்தமையும், 2004ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அணு ஆய்வு நிலையமான சேர்னின் வளவில் இந்திய அரசின் அன்பளிப்பாக நடராசர் சிலை நிறுவப்பட்டமையும் அந்தப் புதிய பார்வை எவ்வளவு தூரம் பரவியது என்பதற்குச் சான்றுகளாகும்.

பொலன்னறுவைச் சிவாலயச் சூழலில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலச் சிலைகள் குறித்து முதலில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்கள் பற்றிய குமாரசுவாமியின் நூல் 1914இல் வெளியாயிற்று. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை உலோகத் துண்டங்களாகக் கணக்கெடுக்கப்படாமல், ஒரு வழிபாட்டு மரபின் வடிவங்களாக வாசிக்கப்பட்டதற்கு இவ்விரு மைத்துனர்களின் எழுத்துக்கள் பெரிதும் உதவின.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஒருவர் அளிக்கும் விளக்கம் எவ்வளவு ஒளி பொருந்தியதாக இருப்பினும், அது பிற விளக்கங்களை நிழலில் தள்ளிவிடவும் கூடும். நடராசரின் இவ்வெண்கல வடிவம் பத்தாம் நூற்றாண்டிலே, சோழப் பேரரசி செம்பியன் மாதேவியாரின் திருப்பணிகளையொட்டிச் செல்வாக்குப் பெற்றதாகும். குமாரசுவாமி ஆதாரமாகக் கொண்ட உண்மை விளக்கமோ பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே, பிற்காலத்துத் தத்துவத்தை முற்காலத்துச் சிலையின் மீது ஏற்றிக் கூறலாமா என்ற வினாவைக் கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் 1999ஆம் ஆண்டில் எழுப்பினார். சோழரின் அரசியல் வலிமைக்கும் அவ்வடிவத்துக்கும் இருந்த தொடர்பு ஒற்றை விளக்கத்தினால் மறைந்துவிட்டது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதனால் குமாரசுவாமியின் பெருமை குன்றிவிடாது. ஆனால் ஒரு கட்டுரையின் வலிமை எத்தகையது என்பதை இது எமக்கு உணர்த்துகின்றது. இன்று நாம் நடராசரைப் பார்க்கும்போது பாதி குமாரசுவாமியின் கண்களாலேயே பார்க்கின்றோம்.

இதனினும் கூர்மையான வினாவை எழுப்புவது 1916ஆம் ஆண்டில் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய ராஜபுத்திர ஓவியம் பற்றிய நூலாகும். ராஜஸ்தானத்தினதும் பஞ்சாப் மலைநாட்டினதும் சிற்றோவியங்கள் அதுவரையில் முகலாய ஓவியத்தின் ஒரு கிளையாகவோ, பாரசீகப் பாணியின் நிழலாகவோ கருதப்பட்டு வந்தன. குமாரசுவாமி அவற்றைத் தேடிச் சேகரித்து, தனியொரு பெயர் சூட்டி, தனியொரு மரபாக நிலைநாட்டினார். அது மகத்தான பணியே. எனினும் அவர் வகுத்த எல்லைக்கோடு மிகவும் அழுத்தமாக விழுந்துவிட்டது. முகலாய ஓவியம் அரசவை சார்ந்தது, உலகியல் சார்ந்தது என்றும், ராஜபுத்திர ஓவியம் பக்தியும் மக்கள் மரபும் சார்ந்தது என்றும் அவர் பிரித்தார். வாசித்தோர் பலர் அதனை இஸ்லாமியக் கலை, இந்துக் கலை என்ற பிரிவினையாக விளங்கிக்கொண்டனர்.

உண்மையான வரலாறு அவ்வளவு இலகுவில் பிரிபடுவதன்று. அக்பரின் ஓவியச்சாலையிலே பாரசீகத்திலிருந்து வந்த மீர் செய்யித் அலி, அப்துஸ் ஸமத் ஆகிய ஆசான்களின் கீழ் தஸ்வந்த், பஸாவன் போன்ற இந்து ஓவியர்கள் பணியாற்றினர். மறுபுறத்தில், பிக்கானேர் என்னும் ராஜபுத்திர அரசவையிலே பதினேழாம் நூற்றாண்டில் றுக்னுத்தீன் போன்ற முஸ்லிம் ஓவியர்கள் கண்ணனையும் ராதையையும் தீட்டினர். பஹாரி ஓவியப் பாணிகளைச் சமஸ்தானங்களின் பெயரால் அன்றி ஓவியர் குடும்பங்களின் வழியே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை 1968ஆம் ஆண்டில் பி. என். கோஸ்வாமி எடுத்துக்காட்டினார். தூரிகை பிடித்த கைகள் அருகருகே இருந்து வேலை செய்தன. அவற்றைப் பிரித்து வைத்தவை பின்வந்த நூல்களும் காட்சிச் சுவர்களுமே. இனத்தின் பேராலும் மதத்தின் பேராலும் பிளவுகளைக் கண்டு துயருற்ற நாட்டவர்களாகிய எமக்கு இது வெறுமனே கலை வரலாற்றுச் செய்தியாகத் தோன்றவில்லை.

தாம் சேகரித்தவற்றை இந்தியாவிலேயே வைத்திருக்கக் குமாரசுவாமி விரும்பினார். காசி நகரில் தேசிய நூதனசாலையொன்று அமைக்கப்படுமாயின் தமது சேகரிப்பு முழுவதையும் அதற்கு வழங்குவதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. முதலாம் உலக யுத்த காலத்தில், அடிமைப்பட்ட நாட்டினர் பிரித்தானியரின் போரிலே பங்கேற்றலாகாது என்ற நிலைப்பாட்டினால் அவருக்கு இங்கிலாந்தில் வாழ்வும் கடினமாயிற்று. 1917ஆம் ஆண்டில் செல்வந்தரும் கலை ஆர்வலருமான டென்மன் ரொஸ் அச்சேகரிப்பை வாங்கிப் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு அளித்தார். சேகரிப்போடு சேகரித்தவரும் அமெரிக்கா சென்று, அங்கு உருவான இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பாளரானார். நாற்பதாவது வயதில் ஏற்ற அப்பணியிலேயே எஞ்சிய முப்பது ஆண்டுகளும் கழிந்தன.

பொஸ்டனில் அவர் ஆற்றிய பணி ஆரவாரமற்றது. ஒவ்வொரு பொருளையும் அளந்து, ஒப்பிட்டு, பெயரிட்டு, விளக்கி, விரிவான பட்டியல்களைப் பாகம் பாகமாக வெளியிட்டார். முகலாய ஓவியங்களுக்கெனத் தனியொரு பாகத்தை 1930இல் எழுதினார். அதற்கு முன்னரே, 1924இல், அறபுலகத்தின் பொறியியல் மேதை அல் ஜஸரியின் தானியங்கிப் பொறிகள் பற்றிய ஏட்டின் ஓவியங்களை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டிருந்தார். பாரசீக, முகலாயக் கலைகளில் ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களும் ஜீவ ஊற்றும் பெறும் இடத்தைக் குறித்து 1934இல் அவர் எழுதிய கட்டுரை, தாம் முன்னர் இட்ட கோட்டைத் தாமே கடந்து சென்றார் என்பதற்குச் சான்றாகும். இந்திய, பாரசீக, இஸ்லாமியக் கலைகளின் ஆய்வாளர் என்பதே அவருடைய பிற்காலப் பதவிப் பெயராக அமைந்தது. புத்தர் உருவம் கிரேக்கரின் கொடை என்ற பிரெஞ்சு அறிஞர் பூஷேயின் கொள்கைக்கு மாறாக, அதன் வேர்கள் மதுராவின் சுதேச மரபிலும் உள்ளன என்று 1927இல் அவர் வாதிட்டதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

கலைப்பொருட்களை எதற்காகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற வினாவை 1941ஆம் ஆண்டில் அவர் வெளிப்படையாகவே எழுப்பினார். அந்த வினாவையே தலைப்பாகக் கொண்ட நூல் 1943இல் வெளிவந்தது. நூதனசாலையில் உள்ள பழம்பொருட்களில் எதுவுமே நூதனசாலைக்காகச் செய்யப்பட்டதன்று என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. விக்கிரகம் வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டது. கிண்ணம் அருந்துவதற்காகச் செய்யப்பட்டது. வாள் போருக்காகச் செய்யப்பட்டது. அவற்றின் பயனையும் அவற்றை ஆக்கியோரின் சிந்தனையையும் நீக்கிவிட்டு, அழகை மட்டும் நுகருமாறு பார்வையாளரை அழைப்பது பொருளற்றது என்று அவர் கருதினார். காட்சிப் பேழையைக் கவர்ச்சியாக அலங்கரிப்பது பொறுப்பாளரின் பணியன்று. அப்பொருள் யாருக்கு, எதற்கு, எந்த நம்பிக்கையின் பேரில் தேவைப்பட்டது என்பதனைக் கற்பிப்பதே அவரது கடமையாகும். வாழும் கலைஞர் நூதனசாலைக்காகவன்றி மனிதரின் தேவைக்காகவே படைத்தல் வேண்டும் என்பதும் அவருடைய துணிபாகும்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. கோயிலிலிருந்தும் இல்லத்திலிருந்தும் பிரிக்கப்பட்ட பொருள் தன் உயிரை இழக்கின்றது என்று வாதிட்டவர், அத்தகைய பொருட்களைக் கடல் கடந்து கொண்டுசென்றவராகவும் இருந்தார். அவர் கொண்டுசென்றிராவிடின் அவற்றுட் பல அழிந்திருக்கலாம் என்பது ஒரு பக்க நியாயம். அவை இன்று பிறந்த மண்ணில் இல்லை என்பது மறுபக்க உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதே அவருக்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதையாகும்.

இந்தியா சுதந்திரம் பெற்ற ஒரு வாரத்தில், 1947 ஓகஸ்ட் 22ஆம் திகதி, அவருக்கு எழுபது வயது பூர்த்தியாயிற்று. இந்தியாவுக்குத் திரும்பி எஞ்சிய நாட்களைக் கழிக்க அவர் எண்ணியிருந்தார். ஆயினும் 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி, பொஸ்டனுக்கு அருகேயுள்ள நீதம் என்னுமிடத்தில் காலமானார். கொழும்பில் முன்னர் கிறீன் பாத் என வழங்கிய வீதிக்குப் பின்னர் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. தேசிய கலாபவனம் அமைந்திருப்பது அவ்வீதியிலேயே. 1993இல் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தையும் அவ்வீதியோரத்திலேயே கூடியது. ஓவியர்கள் தமது படைப்புக்களைத் தாமே ஏந்தி வந்து மக்களிடம் நேரில் விளக்கும் அக்காட்சி அவருக்கு உவப்பானதாக இருந்திருக்கும் என எண்ணுகின்றோம்.

கொழும்பு நூதனசாலையிலே காலி நகரில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டொன்று உள்ளது. 1409ஆம் ஆண்டுக்குரியதான அக்கல்லில் சீன மொழி புத்தரையும், தமிழ் மொழி தெனாவரை நாயனாரையும், பாரசீக மொழி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. ஒரு மொழியை மட்டும் வாசித்து அதன் அருகே குறிப்பெழுதுவோமாயின் கல்லின் மூன்றில் இரண்டு பங்கு ஊமையாகிவிடும். எமது நாட்டின் பாரம்பரியம் முழுவதற்கும் இக்கல்லே தகுந்த உவமை என்பது எமது கருத்தாகும்.

எமது மக்கள் இழந்தவை ஏராளம். யாழ்ப்பாண நூலகம் 1981ஆம் ஆண்டில் எரிந்தபோது மீளப்பெற முடியாத ஏடுகளும் அழிந்தன. யுத்தமும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த பழம்பொருட்களைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தன. எஞ்சியிருப்பவற்றுக்கேனும் இன்று யார் விளக்கம் எழுதுகின்றார்கள்? மருதமுனைத் தறியின் உறுப்புக்களுக்கு நெசவாளர் வழங்கும் பெயர்களையும், வடபுலத்துக் கடகத்தின் பின்னல் வகைகளையும், பள்ளிவாசலின் பழைய விளக்கையும், கோயில் வாகனத்தைச் செதுக்கியவரின் பெயரையும் எழுதி வைப்பவர் யார்? நாம் எழுதாவிடின் பிறர் எழுதுவர். பிறர் எழுதுவதே காலப்போக்கில் அவற்றின் பொருளாகிவிடும். குமாரசுவாமி ஆராய்ச்சி நிறுவனங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கிராமத்துக்கு நடந்து சென்றார்; கைவினைஞனின் அருகே அமர்ந்தார்; கேட்டதை எழுதினார். எமது பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் அப்பணியைத் தத்தம் ஊரில் இன்றே தொடங்க முடியும். வாப்பிச்சி மரிக்கார் கட்டிய மாளிகையும் அதே ஆண்டில் பிறந்த கலாயோகியின் எழுத்தும் எமக்கு விட்டுச்சென்றிருக்கும் கடமை அதுவேயாகும்.